ஒரே பெட்டியில் இரண்டு பாம்புகள்

எனக்கு நாகதோஷம் என்று சொல்லித்தான் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. வருகிற ஜாதகத்தையெல்லாம் எங்கள் ஜோசியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். போன பிறவியில் பிணைந்து கிடந்த ஒரு ஜோடிப் பாம்பை நான் பிரித்துவிட்டேனாம், அதனால்தான் இந்தப் பிறவியில் எனக்கு ஜோடி அமையவில்லையாம். அம்மா என்னை நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்ற வைத்தாள், மஞ்சள் பூச வைத்தாள். ஐடி கம்பெனியில் ஒரு டீமையே மேய்த்துக்கொண்டிருந்த நானும் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கல்லுக்குப் பால் ஊற்றினேன். நம்பினாயா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோடு மல்லுக்கட்டுவதைவிடப் பால் ஊற்றுவது சுலபமாக இருந்தது.

கடைசியில் அதே தோஷமுள்ள ஒரு ஜாதகம் வந்தது. தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போகும் என்றார் ஜோசியர். மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில், வால்டோர்ஃபில் சாஃப்ட்வேர் வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், சைவம்தான், குடியில்லை. நிச்சயம் முடிந்து முதன்முதலாகத் தனியாகப் போனில் பேசியபோது, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அவர் தயங்கினார். ஏதோ ஒரு வெள்ளைக்காரி கதை வரப்போகிறது என்று நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். "வீட்ல ஒரு பாம்பு வளக்கேன்," என்றார். வெள்ளைக்காரி இல்லை என்ற நிம்மதியில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கார்ன் ஸ்னேக் என்று அதற்குப் பெயர். அமெரிக்கக் காட்டுப் பாம்பு, விஷம் கிடையாது. ஆரஞ்சு உடம்பில் செங்கல் நிறத் திட்டுத் திட்டாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தனிமை தாங்காமல் வாங்கினாராம். நாய் குரைக்கும், பூனைக்கு முடி கொட்டும், வீட்டுக்காரர் விடமாட்டார், இது சத்தமே போடாது என்று விளக்கம் சொன்னார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லையென்று பேசாத ஒன்றை வாங்கி வந்த மனுஷரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அவரே அதிகம் வாய் திறக்காதவர். அவர் தம்பி மாதிரியே இருக்கிறது என்று அதற்குக் கொழுந்தன் என்று பெயர் வைத்தேன். அவருக்குத் தம்பி கிடையாது, அதனால் யாருக்கும் வருத்தமில்லை.

முட்டைகூட வாங்காத வீட்டின் ஃப்ரீசரில், துருவிய தேங்காய்க்கும் நறுக்கிய முருங்கைக்காய்க்கும் கீழே, மூடி போட்ட ஒரு டப்பாவில் உறைந்த எலிகள் இருந்தன. முதலில் குமட்டியது. அப்புறம் பழகிவிட்டது. வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை அவர் ஒன்றை எடுத்து, பையில் போட்டு வெந்நீரில் வைத்து, இடுக்கியால் பிடித்து நீட்டுவார். கொழுந்தன் நிதானமாக வந்து வாங்கிக்கொள்ளும். நான் தொட்டுப் பார்க்கவே சில மாதம் ஆனது. வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நன்றாகக் காய்ந்து, குளுகுளுவென்று, புது லெதர் பர்ஸைத் தொட்டதுபோல இருந்தது.

அம்மாவுக்கு இது தெரிந்தது ஒரு வீடியோ காலில். அவர் கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு என் பின்னால் நடந்து போனார், அவ்வளவுதான். அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள். திரும்ப எடுத்தபோது அவள் முகமே மாறியிருந்தது. நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். நாகரே வீடு தேடி வந்து உட்கார்ந்திருக்கிறார், தோஷம் விலகிவிட்டது, அதனால்தான் வயிறு திறந்திருக்கிறது என்றாள். மாப்பிள்ளை மேல் அவளுக்கிருந்த மரியாதை ஒரு படி கூடியது. நாங்கள் சிரித்தோம். அந்த மாதங்களில் எதற்கெடுத்தாலும் சிரித்தோம். அவருடைய மேஜையையும் கம்ப்யூட்டரையும் ஹாலுக்கு மாற்றி, சின்ன அறையைக் காலி பண்ணினோம். அவரே சுவருக்கு வெளிர் மஞ்சள் பூசினார். தொட்டில் கட்டில் ஒன்று பெட்டியோடு வந்து அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. காரணம் என்று எதுவும் இல்லை, யார் தப்பும் இல்லை, சில சமயம் இப்படி நடந்துவிடும் என்று டாக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சொன்னார். என்னை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் அவர் முதல் வேலையாகப் போய் அந்த அறைக் கதவைச் சாத்தினார்.

அதற்கப்புறம் நாங்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியவே இல்லை. அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். நான் அடுக்களைக்குப் போனால் அவரும் தண்ணீர் குடிக்க வருவார். அவர் பால்கனியில் நின்றால் நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். என் முகம் கொஞ்சம் மாறினால் அவர் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார், பேசவே தெரியாத அந்த மனுஷர். அவர் கண் கலங்குவதுபோலத் தெரிந்தால் நான் சட்டென்று டீ போடட்டுமா என்று கேட்பேன். அவருக்காக நான் தைரியமாக இருந்தேன், எனக்காக அவர். அன்பு என்றால் இதுதான் என்று நினைத்தேன். இன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு பேரும் ஒருநாள்கூட வாய்விட்டு அழவில்லை.

அம்மா தினமும் கூப்பிட்டாள். குழந்தையைப் பற்றிப் பேச அவளுக்கும் பயம், அதனால் அதையும் இதையும் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பாம்பில் வந்து நின்றாள்.

"ஏட்டி, ஒத்தப் பாம்ப அடச்சு வச்சிருந்தா குடும்பம் எப்படித் தழைக்கும்? அதுக்கும் ஒரு சோடி வேண்டாமா? நாகர் கல்லுல பாத்திருக்கேல்லா, ரெண்டும் பின்னிக்கிட்டுல்லா இருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் அம்மாவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று அந்தப் பேச்சு நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கொழுந்தன் மரப்பட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எத்தனை வருஷமாக ஒற்றையாகக் கிடக்கிறது என்று முதன்முறையாகத் தோன்றியது. அதன்மேல் எனக்கு வந்த இரக்கம் அளவுக்கு மீறியது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான் அவரிடம் சொன்னேன். அதுக்கு ஒரு துணை பார்ப்போமா, எனக்கு ஒரு ஓரகத்தி வரட்டுமே என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, பாப்போம்," என்றார்.

டார்ம்ஸ்டாட்டில் படித்துக்கொண்டிருந்த மதுரைப் பெண் ஒருத்தி, தமிழ் வாட்ஸப் குழுவில் தன் பாம்பை யாராவது எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தாள். படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை, புது வீட்டில் அனுமதி இல்லை. ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போனோம். அவளுடைய அறையில் எல்லாம் மூட்டை கட்டியிருந்தது. பாம்பு கொழுந்தனைவிடச் சின்னது, விரல் பருமன்தான், சாம்பலும் ரோஜாவும் கலந்த நிறம். அதை ஒரு துணிப்பையில் விட்டு வாயைக் கட்டி, பையைக் காற்றுத் துளை போட்ட பெட்டியில் வைத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தனிப் பெட்டி ரெடியா இருக்குல்ல அண்ணா?" என்று கேட்டாள். அவர் இருக்கிறது என்றார். இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் பொய் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வந்த காரியம் கெட்டுவிடுமோ என்று பயம்.

திரும்பும்போது ரயிலில் குளிராக இருந்தது. அவர் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து, அந்தப் பெட்டியை உள்ளே வைத்து, மேலே கையைக் குறுக்கே போட்டு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் இருந்த அம்மாள் உள்ளே என்ன என்று சைகையில் கேட்டுச் சிரித்தாள். கைக்குழந்தை என்று நினைத்திருப்பாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரே பெட்டியில் விட்டோம். நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. இரண்டும் நாக்கை நீட்டி நீட்டி ஒன்றையொன்று முகர்ந்தன, ஆளுக்கொரு மூலைக்குப் போயின. மறுநாள் காலையில் பார்த்தால், சூடு தருகிற விளக்குக்குக் கீழே, மரப்பட்டைக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு படுத்திருந்தன. ஆரஞ்சும் சாம்பலும் எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் அவரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் அதை அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்தாள்.

அந்த நாட்களில் நான் நன்றாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் பார்க்க ஒன்று இருந்தது. அவை சேர்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். இங்கே நான் சேர்ந்திருந்த கம்பெனிக்குத் திரும்பப் போக ஆரம்பித்தேன், அவரும் ஆபீஸுக்குப் போனார். சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கும்போது கொழுந்தனும் ஓரகத்தியும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நானே இரண்டு குரலில் பேசி அவரைச் சிரிக்க வைப்பேன். கொழுந்தன் கொஞ்சம் திமிர், ஓரகத்தி வாயில்லாப் பூச்சி. சாப்பாடு கொடுக்கும்போது மட்டும் இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைத்துக் கொடுப்பதில் அவர் கறாராக இருந்தார். ஒரே எலியை இரண்டும் பிடித்துவிட்டால் பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கிவிடும் என்றார். அதைக் கேட்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஓரகத்தி முதலில் ஒருமுறை சாப்பிட்டது. அடுத்த முறை இரையை வாங்கிக் கீழே போட்டது. அதற்கடுத்து வாயைத் திறக்கவே இல்லை. புது இடம், பழகட்டும் என்றார் அவர். எனக்கும் சாப்பாடு இறங்காத நாட்கள் இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அது தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்தது. பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் கிடக்கும், காலையில் நான் பார்க்கும்போது மட்டும் கொழுந்தனுக்கு அடியில் கிடக்கும். அதன் முதுகெலும்பு ஒரு கோடுபோலத் துருத்திக்கொண்டு தெரிந்தது. தோல் உரிக்கும்போது முழுசாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அதைக் கையில் எடுத்தபோது, கையில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. இந்த வீட்டில் இன்னொன்று சாகக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் அன்றைக்கே பாம்பு பார்க்கிற டாக்டரைத் தேடி நேரம் வாங்கினார்.

டாக்டர் ஒரு பெண், எங்களைவிட வயதில் சின்னவள், வேக வேகமாகப் பேசினாள். ஓரகத்தியை நிறுத்துப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், வாலைத் தடவிப் பார்த்துவிட்டு இது ஆண் என்றாள். கொழுந்தனும் ஆண்தான் என்று அதை வாங்கியபோது கொடுத்த காகிதத்தில் இருந்தது. சின்னது ஆணா பெண்ணா என்று அந்த மதுரைப் பெண்ணிடம் நாங்கள் கேட்கவே இல்லை. ஆக, வந்தது ஓரகத்தி இல்லை, இன்னொரு கொழுந்தன். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நோய் எதுவும் தெரியவில்லை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சேர்த்து வைத்திருக்கிறோம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். இந்தப் பாம்பு தனியாக வாழ்கிற ஜாதி, துணையைத் தேடாது, பெரியது பக்கத்தில் இருந்தாலே சின்னதுக்குப் பதற்றம், பதற்றத்தில் சாப்பிடாது என்று பொறுமையாகச் சொன்னாள்.

நான் விடவில்லை. என் அரைகுறை ஜெர்மனில், இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டுதானே தூங்குகின்றன, நான் தினமும் பார்க்கிறேனே என்று கேட்டேன். போட்டோவையும் காட்டினேன். அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியில் சூடான இடம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டுக்கும் அந்த இடம் வேண்டும்," என்றாள். "ஒன்றுக்கொன்று வேண்டாம்."

மேலே கிடப்பது பெரியது, சூடு முழுவதும் அதற்குப் போகிறது, அடியில் கிடப்பது ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள். கல்லில் செதுக்குகிறார்களே பின்னிய பாம்புகள், எங்கள் ஊரில் அதைக் கும்பிடுகிறோம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அது சுவாரசியமாக இருந்தது. பின்னிக்கொண்டு எழும்பும் பாம்புகள் பெரும்பாலும் இரண்டு ஆண்கள், மல்யுத்தம் போடுகின்றன என்றாள். உடனே பிரித்துவிடுங்கள், அவனவனுக்கு ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பினாள்.

வரும் வழியில் பஸ்ஸில் சண்டை போட்டோம். மடியில் பாம்புப் பெட்டியை வைத்துக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குத் தணிந்த குரலில் தமிழில் போட்ட சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். பிரிக்க முடியாது என்றேன். ஜோடிப் பாம்பைப் பிரித்த பாவம்தான் என் தலையில் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குத்தானே குழந்தை போயிற்று என்றேன். இதை நான் நம்பிக்கொண்டிருந்தேன் என்று அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்வரை எனக்கே தெரியாது. அது ஜோடியே இல்லை, இரண்டும் ஆண், டாக்டர் சொன்னாளே என்று அவர் கணக்குச் சொன்னார். கல் செதுக்கியவன் வாலைத் தடவிப் பார்த்தா செதுக்கினான் என்று எரிந்து விழுந்தேன்.

"எனக்கு முதல்லயே தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ரெண்டையும் ஒண்ணா வைக்கக் கூடாதுன்னு. வாங்கும்போதே படிச்சிருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஓரகத்தின்னு சொல்லும்போது நீ சிரிச்ச. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்ச."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் ஒரு சிரிப்புக்காக ஒரு வாயில்லா ஜீவனைச் சாகவிடுவீர்களா என்று கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டே அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடந்தது. எங்கள் நிறுத்தம் தாண்டிப்போய் அடுத்ததில் இறங்கி நடந்தோம்.

புதுப் பெட்டி இரண்டு நாளில் வந்தது. எங்கே வைப்பது என்பதில் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தார். ஹாலில் மேஜை, சோபா, பழைய பெட்டி போக இடமில்லை. படுக்கையறையில் காலியாக இருந்த ஒரே சுவரில் ஹீட்டர். அடுக்களையில் தாளிக்கிற புகை. ஒரு பெட்டிமேல் ஒன்றாக அடுக்கலாமா என்று யோசித்தார், பழைய பெட்டி தாங்காது. வீட்டில் ஒரே ஓர் இடம்தான் சும்மா கிடந்தது. அதை மட்டும் அளக்காமல் அவர் மூன்றாம் தடவையாகச் சோபாவை அளந்துகொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், அந்த ரூமில் வைத்துவிடலாம் என்று. அவர் டேப் சரசரவென்று சுருண்டு உள்ளே போனது.

கதவைத் திறந்தோம். பெயிண்ட் வாசனை இன்னும் லேசாக இருந்தது. தொட்டில் பெட்டியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குக் கொண்டுபோனோம். படியில் இறங்கும்போது, பாத்து, பாத்து என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். மேலே வந்து மஞ்சள் சுவரை ஒட்டிப் புதுப் பெட்டியை வைத்தார். மண் தூள் பரப்பி, விளக்கு மாட்டி, தண்ணீர்க் கிண்ணமும் ஒளிந்துகொள்ள ஒரு சின்னக் குகையும் வைத்து, வெப்பமானியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அறை வெதுவெதுப்பாக ஆயிற்று.

அன்று பார்த்து இரண்டும் மரப்பட்டைக்கு அடியில் நன்றாகப் பின்னிக் கிடந்தன. நான் பெட்டியின் கதவைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விடாமல் நின்றேன். படித்த படிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

"நான் எடுக்கேன்," என்றார் அவர். "எனக்கும்தான் தோஷம் இருக்கு. கூட ஒண்ணு சேந்தா என்ன?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொஞ்சமும் நம்பாத மனுஷர், எனக்காக அதை நம்பி, அந்தப் பாவத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ள வந்து நின்றார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியம் தாங்க முடியாததாக இருந்தது. அதனாலேயே அவரை எடுக்க விடக்கூடாது என்றும் தோன்றியது. இந்த மனுஷர் எனக்காகத் தாங்கியது போதும்.

"வேண்டாம். நானே எடுக்கேன்," என்றேன்.

கையை விட்டுச் சின்னதை நடுவில் பிடித்தேன். இழுக்கவேண்டியே இருக்கவில்லை. ஒன்றையொன்று பிடித்திருந்தால்தானே விடுவிக்க. அது தானாகவே பெரியதன் அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு என் மணிக்கட்டில் ஏறியது. பெரியது தலையைக்கூடத் தூக்கவில்லை. காலியான இடத்துக்கு நகர்ந்து, விளக்குக்குக் கீழே இன்னும் சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சின்னதை எடுத்துக்கொண்டுபோய் அந்த அறையில் விட்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குகைக்குள் போனது.

அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன், பிரித்து வைத்துவிட்டோம் என்று. இரண்டும் உசிரோடு இருக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை அம்மா என்றேன். சரி, உசிரோடு இருந்தால் போதும், தாயி, என்றாள். பாம்பைத்தான் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பிரித்ததும் சின்னது பாய்ந்து வந்து சாப்பிட்டுவிடவில்லை. அந்த அறையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கட்டும், ஒரே ஆள் போனால் போதும் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் போவார். சூடு பார்க்க, தண்ணீர் மாற்ற, இரையை நீட்டிப் பார்க்க. முதல் நாள் உடனே வந்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் உள்ளேயே வெகுநேரம் இருந்தார். ஒருநாள் நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்துவிட்டதோ என்று எழுந்தேன். கதவுக்குப் பக்கத்தில் போனதும் புரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். ஆண்பிள்ளை அழுவதை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டி முட்டி, குழந்தை அழுவதைப்போல அழுதார்.

என் கை கதவுப்பிடியில் இருந்தது. உள்ளே போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒண்ணுமில்லம்மா, பாம்பு இன்னும் சாப்பிடல, அதான் என்பார். நான் டீ போடட்டுமா என்பேன். பாம்பிடமிருந்து பாடம் கற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது, மனுஷர் வேறு, பாம்பு வேறு. இருந்தாலும் அன்று நான் கையை எடுத்துவிட்டு வந்து, துணியை மடித்தேன். அவர் சட்டை ஒன்றைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அப்படியே சில சாயங்காலங்கள் போயின. அவர் உள்ளே போவார், நான் வெளியே இருப்பேன். வெளியே வரும்போது முகம் கழுவியதுபோல இருக்கும். நான் கேட்கமாட்டேன். ஆனால் அவர் சாப்பிட ஆரம்பித்தார், தூங்கவும் ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். கண் சிவந்திருந்தது, கையில் இடுக்கி இருந்தது.

"சாப்பிட்டுட்டான்," என்றார்.

ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தேன். சின்னதின் தொண்டைக்குக் கீழே ஒரு மேடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். இது இனிப் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது. அது குகைக்குள் போன பிறகுதான் அவர் பக்கம் திரும்பினேன்.

"தெனமும் இங்க வந்து அழுதீங்களா?" என்று கேட்டேன்.

இந்த முறை பேச்சை மாற்றவில்லை. "ஆமா," என்றார். "நீ பாக்காத எடம் வீட்ல வேற இல்ல."

"நாளைக்கு நான் வாரேன்," என்றேன். "நீங்க வெளிய இருங்க."

அவர் இடுக்கியை என் கையில் கொடுத்தார். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர் மாற்றினேன், சூடு பார்த்தேன். செய்ய வேறு எதுவும் இல்லாமல் மஞ்சள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அப்புறம் என் பிள்ளைக்காக, பெயர்கூட வைக்காத என் பிள்ளைக்காக, குரலெடுத்து அழுதேன். ஹாலில் அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எழுந்து கதவுவரைக்கும் வந்தார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.